ராத்திரியில் வெளியே போகாதே!



வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கு என்னவெல்லாம் கட்டிக் கொடுக்கிறோம்! பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், சின்ன குக்கர், கம்பளி ஸ்வெட்டர், தைலம், சாமி படம். எல்லாம் கட்டி முடித்ததும் கடைசியாக ஒரு புத்திமதியையும் சேர்த்து அனுப்புகிறோம்: "ராத்திரியில வெளியே எங்கயும் போகாதே!" புளிக்காய்ச்சல் மாசக் கணக்கில் தாங்குகிறது. இந்தப் புத்திமதி மட்டும் பத்து நாள்கூடத் தாங்குவதில்லையே, ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் மானாம்பதியில் ராத்திரி என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான். வருஷம் முழுக்க ஆறு, ஆறரைக்கு விளக்கு வைத்துவிடுகிறோம். நான் உத்திரமேரூருக்குப் போய் ப்ளஸ் டூ படித்த காலத்தில், விளக்கு வைப்பதற்குள் பஸ்ஸை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பது எங்கப்பாவின் சட்டம். லண்டனில் கதையே வேறு. டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கு முன்பே சூரியன் அஸ்தமித்துவிடும். ஜூன் மாசத்திலோ ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். "விளக்கு வைக்கிறதுக்குள்ள ரூமுக்கு வந்துடு" என்றால், குளிர்காலத்தில் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் ஓடி வர வேண்டும்!

அதோடு, பகலெல்லாம் வகுப்பு, லைப்ரரி, பகுதிநேர வேலை என்று ஓடுகிற பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பழகுவதே சாயங்காலத்துக்கு மேல்தான். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவும் அப்போதுதான், சிநேகிதியின் பிறந்த நாளும் அப்போதுதான், பப் என்கிற மதுக்கடைக்குப் போவதும் அப்போதுதான். நல்லதும் கெட்டதும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது. போகாதே என்ற ஒரே வார்த்தையால் இரண்டையும் பிரித்துவிட முடியுமா?

என் அக்கா மகள் லண்டனில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். படிப்புக் கடன் வாங்கி, இருந்த நகையையும் அடகு வைத்து அனுப்பிய பெண். அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள். போன வருஷம் நவம்பரில் ஒரு சனிக்கிழமை, "படுக்கப் போறேம்மா" என்று போனில் சொல்லிவிட்டு, கூடப் படிக்கும் பெண்ணின் பிறந்த நாள் பார்ட்டிக்குப் போயிருக்கிறாள். இவள் ஆரஞ்சு ஜூஸோடு நிறுத்திக்கொண்டாள். கூட வந்த இன்னொருத்தி வெறும் வயிற்றில் மடமடவென்று மதுவைக் குடித்துவிட்டு, நினைவில்லாமல் விழுந்துவிட்டாள். "காபி கொடு," "தூங்கினா தெளிஞ்சுடும்" என்று ஆளுக்கொன்று சொன்னார்களாம். ஆம்புலன்சைக் கூப்பிட எல்லோருக்கும் பயம், வீட்டுக்குத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று! முக்கால் மணி நேரம் இப்படியே போயிற்று. பக்கத்து அறை மாணவி ஒருத்தி வந்து பார்த்து, உடனே 999-க்குப் போன் செய்தாள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து எனக்குப் போன் வந்தது. "சித்தி, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. கண்ணை மூடினா அவ முகம்தான் வருது, தூக்கமே இல்லை" என்று அழுகிறாள்.

அவள் பார்ட்டிக்குப் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவ்வளவு பெரிய ஆபத்தைக் கண்ணால் பார்த்த பெண், நாலு நாள் யாரிடமும் சொல்லாமல் தனியாக நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாளே, அதுதான் என் வயிற்றைக் கலக்கியது. விழுந்தவள் இவளாக இருந்திருந்தால்? அக்கா வாங்கிய சத்தியம் அவளைப் போகாமல் தடுக்கவில்லை. போன இடத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட முடியாமல்தான் தடுத்தது.

"நீயே அம்மாகிட்ட சொல்லு, நான் பக்கத்தில இருக்கேன்" என்றேன். சொன்னாள். அக்கா ஆடிய ஆட்டத்தைக் கேட்க வேண்டாம். "படிச்சது போதும், அடுத்த பிளேன்ல வரச் சொல்லு" என்று ஒரே பிடிவாதம். ரெண்டு நாள் கழித்து, கோபம் கொஞ்சம் தணிந்த பிறகு, நான் காந்தியடிகள் கதையை எடுத்தேன்.

அவர் 1888-ல் பாரிஸ்டர் படிக்க லண்டன் கிளம்பியபோது வயது 18. அவருடைய தாயார் புத்லிபாய்க்கும் நம்மைப் போலவே கவலைதான். பேசார்ஜி சுவாமி என்ற ஜைனத் துறவி முன்னால், மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார். அந்தச் சத்தியத்தில், வெளியே போகாதே, யாரோடும் சேராதே என்பது இல்லை, கவனித்தீர்களா?

போன புதிதில் காந்திக்கும் ஆசை விடவில்லை. பத்து பவுனுக்கு மாலை நேர உடுப்பு தைத்துக்கொண்டார். மூன்று பவுன் கட்டி நடன வகுப்பில் சேர்ந்தார். மூன்று வாரத்தில் ஆறு வகுப்பு போயும் பியானோ தாளத்துக்குக் கால் வரவில்லை என்று விட்டுவிட்டார்! சைவச் சாப்பாட்டுக் கடையைத் தேடி அலைந்து கண்டுபிடித்து, சைவ உணவுச் சங்கத்தில் சேர்ந்தார். நல்ல சிநேகிதர்கள் அங்கே கிடைத்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்தில் பாரிஸ்டர் பட்டத்துக்குப் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. ஒரு பருவத்தில் நடக்கும் சுமார் 24 விருந்துகளில் ஆறுக்காவது வந்து உட்கார வேண்டியிருந்தது. நாலு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் என்பது அப்போது அங்கே கணக்கு. காந்தி தொடமாட்டார் என்பதால், அவரைத் தங்கள் மேஜைக்கு நாலாவது ஆளாகப் பிடிக்கப் போட்டியாம்! குடிக்காதவனை யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று பயப்படுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

சத்தியம் மட்டுமே அவரைக் காப்பாற்றியது என்றும் சொல்ல முடியாது. போர்ட்ஸ்மவுத் ஊரில் தங்கியிருந்த வீட்டில், ராத்திரி சீட்டாட்டத்தில் பேச்சு எல்லை மீறிப் போனது. கூட இருந்த சிநேகிதர் எச்சரித்து எழுப்பி அனுப்பியதால் தப்பித்தேன் என்று, 'சத்திய சோதனை'யில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

நம் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் கதை இதற்கு நேர்மாறு. 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். சைவம் என்பதால் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகாமல், அறையிலேயே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். யுத்த காலம் வேறு. ஒருமுறை ஆசையோடு சிலரை விருந்துக்கு அழைத்துத் தன் கையால் சமைத்துப் பரிமாறினார். விருந்தாளிப் பெண்கள் மூன்றாவது முறை வேண்டாம் என்றதும், அவமானமாகிவிட்டது என்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது. 1917-ல் உடம்பு படுத்துவிட்டது. 1918-ல் மனம் நொந்து உயிரை விடத் துணியும் அளவுக்குப் போய்த் தப்பினார். ஊர் திரும்பி, 1920-ல் 32 வயதில் போய்விட்டார். உடம்பு நோய்க்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் அறைக்குள்ளேயே இருந்துவிட்டால் பிள்ளை பத்திரம் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது என்பது புரிகிறதல்லவா?

அக்கா வெகு நேரம் பேசவில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டு, "போற இடத்தைச் சொல்லிட்டுப் போ. என்ன நடந்தாலும் முதல்ல எனக்குச் சொல்லு. நான் திட்டினாலும் அப்புறம்தான் திட்டுவேன்" என்றாள். ரூமுக்குத் திரும்பியதும், எத்தனை மணியானாலும், "வந்துட்டேன்" என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். குளிர்காலத்தில் நமக்கும் லண்டனுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அங்கே நடுராத்திரி பன்னிரண்டு என்றால் இங்கே காலை ஐந்தரை. மகள் படுக்கப் போகிற நேரம், அக்கா வாசல் தெளிக்கிற நேரம். போனைப் பார்த்துவிட்டுத்தான் இப்போது கோலமே போடுகிறாள்!

இனி, பிள்ளை கிளம்புவதற்கு முன் சொல்லிக் கொடுக்க வேண்டியவை. குடிக்காத பிள்ளைக்கும் இவை வேண்டும், பக்கத்தில் இருப்பவரைக் காப்பாற்றவாவது உதவும்.

முதலாவது, மதுவில் இந்த அளவுக்குள் என்றால் ஆபத்தே இல்லை என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டது. பிரிட்டிஷ் பப்பில் ஒரு பைண்ட் பீர் என்பது 568 மில்லி. சாதாரண பீர் என்றாலும் அதைக் கரைக்க ஈரலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காபி, மோர், பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அதை விரைவுபடுத்தாது. பெண்களின் உடம்பில் நீரின் பங்கு குறைவு என்பதால், அதே அளவு அவர்களை அதிகம் பாதிக்கும்.

இரண்டாவது, எழுப்பினாலும் எழாமல் இருப்பது, மூச்சு மெதுவாகவோ விட்டு விட்டோ வருவது, உடம்பு சில்லிடுவது, உதடு நீலம் பாய்வது இவையெல்லாம் உயிருக்கு ஆபத்தான அறிகுறிகள். தூங்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது. மல்லாக்கப் படுத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆள் கூடவே இருந்து, ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். பிரிட்டனில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் 112.

மூன்றாவது, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஜூஸாக இருந்தாலும் டம்ளரை மேஜையில் விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது. விட்டுப் போனால் அதைத் திரும்பத் தொடவே வேண்டாம்.

நாலாவது, சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே திரும்ப வேண்டும். ஒருவராவது தெளிவாக இருக்க வேண்டும். முன்பதிவு செய்த, உரிமம் பெற்ற டாக்சியில்தான் ஏற வேண்டும். குளிர் தேசத்தில், குடித்தவருக்கு உடம்பு கதகதப்பாக இருப்பது போலத் தோன்றும். உள்ளே சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். தெருவில் உட்கார்ந்தால் உயிருக்கே ஆபத்து.

ஐந்தாவது, யாராவது தொந்தரவு கொடுத்தால், பிரிட்டனில் பல மதுக்கடைகளில் ஊழியரிடம் போய் "ஏஞ்சலா இருக்காங்களா?" என்று கேட்டால் போதும். உதவி தேவை என்று புரிந்துகொண்டு பத்திரமாக வெளியே அனுப்பி வைப்பார்கள். 2016-ல் லிங்கன்ஷயரில் தொடங்கிய நல்ல ஏற்பாடு இது.

இதையெல்லாம் பெண்ணுக்கு மட்டும் சொல்லிவிட்டு, "அவன் ஆம்பளைப் பிள்ளை, அவனுக்கென்ன" என்று பையனை விட்டுவிடாதீர்கள். பையனுக்கும் ஈரல் ஒன்றுதான், உயிரும் ஒன்றுதான். வெட்கத்தை விட்டு உதவி கேட்பது அவர்களுக்குத்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

வரும் செப்டம்பரில் பிள்ளையை அனுப்பப் போகிற தாய்மார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல், ஒருநாள் சாப்பாடு பரிமாறும்போதே இந்தப் பேச்சை எடுங்கள். முதலில் இரண்டு பேருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். "ஐயோ, இதெல்லாம் எனக்குத் தெரியும்மா" என்று பிள்ளை எழுந்திருக்கப் பார்க்கும். விடாதீர்கள், இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றி உட்கார வையுங்கள். என்ன, நான் சொல்றது சரிதானே?