பொய்க் கணக்கும் மெய்க் கருவியும்

அமெரிக்காவில் நெடுந்தொலைவு சரக்கு லாரி ஓட்டுவோர் தம் பணிநேரக் குறிப்பேட்டைக் ‘காமிக்ஸ் புத்தகம்’ என்று கேலியாக அழைப்பதுண்டு. எத்தனை மணி நேரம் ஓட்டினோம், எப்போது உறங்கினோம் என்று கைப்பட எழுதிய அந்த ஏட்டில் கற்பனை மிகுதி என்பதை எழுதியவரும் அறிவர், சோதித்தவரும் அறிவர். புனைவைக் கொண்டாடும் நமக்கு இப்பெயர் சுவைக்கலாம். ஆனால் இப்புனைவுக்குத் தரப்பட்ட விலை உறக்கம். சில வேளைகளில் உயிர்.

2017 டிசம்பர் 18 முதல், எஞ்சினோடு இணைந்து ஓட்டும் நேரத்தைத் தானே பதியும் மின்னணுக் கருவி அங்கே கட்டாயமாயிற்று. 10 மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுத்தபின் பணியேறுபவர், அடுத்த 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் மட்டுமே ஓட்டலாம். விதி முன்பே இருந்ததுதான். எளிதில் ஏய்க்க இயலாத காவலன்தான் புதியவன்.

ஓட்டுநர் ஏன் பொய் எழுதினார் என்ற கேள்வியை மட்டும் அக்கருவி கேட்கவில்லை. அவர்களுள் பெரும்பாலோருக்குக் கூலி மைல் கணக்கில். கிடங்கு வாசலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் காத்துக் கிடக்கும் மணிகளுக்குப் பல நேரங்களில் கூலியே இல்லை. ஆனால் 14 மணி நேரக் கடிகாரம் பொதுவாக நிற்பதும் இல்லை. மிகைநேர ஊதியத்தை உறுதிசெய்த 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமும் இவர்களைப் புறத்தே நிறுத்தியது. வறுமை எழுதச் சொன்ன பொய்யை எழுதியவரின் ஒழுக்கக்கேடு என்று கொண்டால் மருந்தும் பிழையாகத்தானே அமையும்?

விளைவும் அவ்வாறே. கட்டாயத்துக்குப் பின் நடந்த ஆய்வொன்று, நேர விதிமீறல்கள் குறைந்ததையும் விபத்துகள் குறையாததையும் காட்டியது. சிறு நிறுவனங்களின் ஓட்டுநரிடையே வேகமீறல் கூடியிருந்தது. கடிகாரம் துரத்தினால் கால் ஆக்ஸிலேட்டரை அழுத்தாமல் என்ன செய்யும்? சமூகவியலாளர் கேரன் லெவி 2022இல் வெளியிட்ட நூலும் இக்கண்காணிப்பின் உள்முகத்தை விரிவாக ஆராய்கிறது.

கருவியே வேண்டாம் என்பதன்று நம் கருத்து. ‘இன்னும் நூறு மைல் போ’ என்று விரட்டும் முதலாளியிடம், நேரம் முடிந்தது எனக் காட்ட ஓட்டுநருக்கு அது நற்சான்று. ஆயினும் நேர்மை ஒரு தரப்பின் கடமை மட்டுமாக இருத்தல் ஆகாது. உழைப்பவனின் ஒவ்வொரு நிமிடத்தையும் அளப்போர், அவன் காத்திருக்கும் நிமிடங்களுக்கும் கூலி அளக்கட்டும். அதுவரை, பொய்க் கணக்கு குறிப்பேட்டை விட்டு அகன்று கூலிச்சீட்டில் குடியேறியிருக்கிறது என்றே நாம் சொல்வோம்.