தாழ்ந்து வந்த பந்து

டென்னிஸ் 'சர்வீஸ்' என்றதும் உங்கள் கண்முன் என்ன தோன்றுகிறது? பந்தை உயரத் தூக்கிப் போட்டு, உடம்பை வில்லாய் வளைத்து, மட்டையைத் தலைக்கு மேலே ஓங்கி ஒரு போடு போடுவதுதானே? ஆனால், அப்படித்தான் அடிக்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது! கையை விட்ட பந்து தரையைத் தொடுமுன் அடித்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். இடுப்புக்குக் கீழே மெல்லத் தட்டி விட்டாலும் சர்வீஸ் சர்வீஸ்தான். அதற்கு 'அண்டர்ஆர்ம்' என்று பெயர்.

"இது என்ன, குழந்தை விளையாட்டா?" என்று சிரிக்காதீர்கள். வேகமான பந்தை எதிர்பார்ப்பவர் கோட்டுக்கு வெகு பின்னால் நிற்பார். இதுவோ வலைக்குச் சற்று அப்பால் சோம்பலாக விழுந்து, பக்கவாட்டில் நழுவும். அவர் ஓடி வந்து எடுப்பதற்குள் நிலை தடுமாறி விடுவார்.

1989-ல் பாரிஸில் நடந்ததைக் கேளுங்கள். பிரெஞ்சுப் பந்தயத்தின் நாலாவது சுற்று. ஒரு பக்கம் உலகின் முதல் ஆட்டக்காரர் இவான் லெண்டில். மறு பக்கம் 17 வயது அமெரிக்கப் பையன் மைக்கேல் சாங். முதல் இரண்டு செட்டுகளை இழந்து, அடுத்த இரண்டையும் பிடித்துவிட்டான் பையன். ஐந்தாவது செட்டில் கால் நரம்புகள் சுண்டி இழுக்கின்றன, நிற்கவே முடியவில்லை. 4-3 என்று முன்னணியில் இருந்தபோது, திடீரென்று கையைத் தாழ்த்தி ஒரு சர்வீஸ்! திகைத்துப்போன லெண்டில் முன்னால் ஓடி வந்து வலையருகே மாட்டிக்கொண்டார். பாயிண்ட் சாங்குக்கு. கூட்டம் ஆரவாரித்தது. நாலரை மணி நேரத்துக்கு மேல் நடந்த அந்த ஆட்டத்தையும், பிறகு பட்டத்தையுமே வென்றுவிட்டான்.

பத்து வருஷம் கழித்து, 1999-ல், அதே பாரிஸ்; பெண்களின் இறுதி ஆட்டம். ஸ்டெஃபி கிராஃபிடம் தோற்கும் தறுவாயில் 18 வயது மார்ட்டினா ஹிங்கிஸ் அதே அண்டர்ஆர்ம் சர்வீஸைப் போட்டார். இந்தத் தடவை எழுந்ததோ கூச்சல், ஏளனம்! தோற்று வெளியேறிய அந்தப் பெண், தாயாரின் அணைப்பில் அழுதுகொண்டேதான் பரிசளிப்புக்குத் திரும்பி வந்தார்.

விதி ஒன்று, அடியும் ஒன்று. வரவேற்பு மட்டும் ஏன் இரண்டு? நடுவரின் தீர்ப்பை எதிர்த்து வலையைத் தாண்டிப் போய் வாதாடியதால், ஹிங்கிஸ் மீது கூட்டத்துக்கு முன்பே கோபம். சாங்கிடமோ இரக்கம். ஆக, ஜனங்கள் அடியைப் பார்க்கவில்லை, அடித்தவரைப் பார்த்தார்கள். வீட்டில்கூட, பிரியமான பிள்ளை செய்தால் சமர்த்து, பிடிக்காத பிள்ளை செய்தால் துடுக்கு என்கிறோம் அல்லவா?

என்னைக் கேட்டால், பின்னால் தள்ளி நிற்பது எதிராளியின் உரிமை. முன்னால் காலியாகக் கிடக்கும் இடத்தில் பந்தைப் போடுவது இவருடைய உரிமை. 2019-ல் விம்பிள்டனில் நடாலுக்கு எதிராக நிக் கிர்கியோஸ் செய்ததும் இதைத்தான். இதில் கௌரவக் குறைவு எங்கே வந்தது? அடுத்த தடவை தாழ்ந்து வரும் பந்தைப் பார்த்தால், போட்டவர் யார் என்று பார்க்காமல் கை தட்டுங்கள்!