கையடக்கக் கணிப்பொறியில் எதற்கு இடம்?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)



கைபேசியைக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்கின்றனர் ஒரு சாரார். கைபேசி இல்லாவிட்டால் இக்காலத்தில் படிக்கவே இயலாது என்கின்றனர் மற்றொரு சாரார். சென்ற ஆண்டு நம் பள்ளிப் பட்டிமன்றத்திலும் இதுவே தலைப்பு. நானும் ஓர் அணியில் நின்று மேசையைத் தட்டிப் பேசினேன். எந்த அணி என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஏனெனில் இரு அணியினருமே ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டோம். அந்தக் கைபேசிக்குள் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். அம்மா புதிய கைபேசி வாங்கியபோது பழையது எனக்கும் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் தங்கைக்கும் பொதுவாக வந்து சேர்ந்தது. "படிப்புக்கு மட்டும்" என்பது அம்மாவின் நிபந்தனை. அதில் சிம் கார்டு கிடையாது. மாலையில் அப்பா வீடு திரும்பிய பிறகு அவருடைய கைபேசியிலிருந்துதான் இணையம் கிடைக்கும். மொத்தக் கொள்ளளவு 32 ஜி.பி. அதில் பெரும்பகுதியைக் கைபேசியே தனக்கென்று எடுத்துக்கொள்ள, எங்களுக்கு மிஞ்சியது 9 ஜி.பி.

நிபந்தனையை நான் மீறவில்லை. விளையாட்டு ஒன்றைக்கூடச் சேர்க்காமல், 'கல்வி' என்ற தலைப்பின் கீழ் இருந்த செயலிகளாகப் பார்த்துப் பதினான்கு இறக்கினேன். ஒரே வாரத்தில் 'இடமில்லை' என்று கைபேசி கையை விரித்துவிட்டது!

அந்தப் பதினான்கில் எனக்கு மிகவும் பிடித்தது, கணக்கைப் படம் பிடித்தால் விடையைப் படிப்படியாகத் தரும் செயலி. ஆகா, என்ன வசதி! இருபடிச் சமன்பாடுகள் பயிற்சி முழுவதையும் அரை மணி நேரத்தில் முடித்தேன். என் வீட்டுப்பாட ஏட்டில் ஒரு தவறும் இல்லை. கணித ஆசிரியை "மிக நன்று" என்று எழுதினார். காலாண்டுத் தேர்வில் வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்க்கச் சொல்லிக் கேட்டபோது, அடுத்த வரி என்னவென்று தெரியாமல் எழுதுகோலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். நூற்றுக்கு 38. ஒன்பதாம் வகுப்பில் 81 வாங்கியவள் நான். அம்மா கேட்டது ஒரே வார்த்தைதான்: "விளையாடினாயா?" இல்லை என்று சொன்னேன். அது உண்மை. அந்த உண்மை அம்மாவுக்கும் புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை.

ஆகவே, செயலிகளைப் படிப்பு, விளையாட்டு என்று இரண்டாகப் பிரிப்பதே தவறு என்பது என் கருத்து. நான் செய்ய வேண்டிய வேலையை எனக்காகச் செய்து முடிப்பவை ஒரு வகை. அந்த வேலையை நானே செய்யும்படி வைப்பவை மறுவகை. முதல் வகை 'கல்வி' என்ற பெயர்ப்பலகையோடு வந்தாலும் மாணவிக்கு அது கல்வி ஆகாது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வழி காட்டியது எங்கள் கணினி ஆசிரியை சொன்ன ஒரு செய்தி. 1996-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாம் என்னும் நிறுவனம் 'பைலட்' என்ற கையடக்கக் கணிப்பொறியை வெளியிட்டது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவியைச் செய்வதற்கு முன் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாராம். யாராவது நேரம் கேட்டால் கட்டையை எடுத்து நாட்குறிப்பைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வாராம். (பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!) இப்படிப் பார்த்துப் பார்த்து அவர் முக்கியமாக வைத்தவை நாட்குறிப்பு, முகவரிகள், செய்ய வேண்டியவை, குறிப்பேடு என்ற நான்குதான். அதன் முதல் கருவியின் நினைவகம் வெறும் 128 கே.பி. என் பழைய கைபேசியின் கொள்ளளவு அதைப்போல் இரண்டரை இலட்சம் மடங்கு. எனக்கோ இடம் போதவில்லை!

மரக்கட்டைக்குப் பதிலாக நான் ஒரு துண்டுச் சீட்டை ஜியோமெட்ரி பெட்டிக்குள் வைத்தேன். ஒரு வாரம் படிக்கும்போது எங்கெல்லாம் தடுமாறினேனோ, அதையெல்லாம் குறித்தேன். வார இறுதியில் பார்த்தால் ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் தெரியாமல் நின்றது பதினேழு முறை. படித்ததை மறந்தது இருபத்திரண்டு முறை. வரைபடக் கணக்கில் ஐந்து முறை. பதினான்கு செயலிகளில் பதினொன்று இவற்றில் ஒன்றுக்கும் உதவாதவை. அன்றே நீக்கினேன். விடை தரும் செயலியைக் கடைசியாக நீக்கினேன். சற்று வருத்தத்தோடுதான்.

மறதிக்கு நான் தேர்ந்தெடுத்தது 'ஆங்கி' என்னும் இலவசச் செயலி. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை என்று நாமே அட்டைகள் எழுத வேண்டும். சரியாக நினைவுகூர்ந்த அட்டை சில நாள் கழித்தும், பிறகு சில வாரம் கழித்தும் வரும். மறந்த அட்டை உடனே திரும்பி வந்து நிற்கும். இதன் தத்துவம் புதிதன்று. 1885-இலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதி எவ்வளவு விரைவாக வருகிறது என்று அளந்து எழுதினார். 1972-இல் லைட்னர் என்பவர் அட்டைப்பெட்டியில் அறைகள் தடுத்து இதே முறையைச் செய்து காட்டினார். ஆதலால் விடுதித் தோழியர் ஏங்க வேண்டியதில்லை. ஒரு காலிச் செருப்புப் பெட்டி போதும். பிறர் எழுதி வைத்த அட்டைத் தொகுப்புகளும் இணையத்தில் கிடைக்கின்றன. நான் எடுத்துக்கொள்வதில்லை. சமூக அறிவியல் ஆண்டுகளை நானே எழுதும்போதே பாதி மனத்தில் பதிந்துவிடுகிறது.

வரைபடத்துக்கு 'ஜியோஜீப்ரா'. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் 2001-இல் தொடங்கிய இலவச மென்பொருள் இது. இருபடிச் சமன்பாட்டின் கெழுக்களை விரலால் நகர்த்தினால் பரவளையம் கண் முன்னே ஏறுகிறது, இறங்குகிறது. அது எக்ஸ் அச்சை இரண்டு இடத்தில் வெட்டி, பிறகு ஒரே இடத்தில் தொட்டு, பிறகு தொடாமலே விலகிப் போவதைப் பார்த்தபோதுதான், தன்மைகாட்டி என்று நான் சூத்திரமாக மனப்பாடம் செய்தது என்னவென்று விளங்கியது. இங்கே ஒரு நேர்மையான கேள்வியை என் நெருங்கிய தோழி கேட்டாள். "இதுவும் உனக்காக வரைந்துதானே கொடுக்கிறது?" ஆம், கொடுக்கிறது. அதனால் எட்டு மதிப்பெண் கணக்கை முதலில் வரைபடத் தாளில் பென்சிலால் போடுகிறேன்; பிறகே கைபேசியைத் திறந்து ஒப்பிடுகிறேன். என் மனக்கட்டுப்பாடு அவ்வளவு உயர்ந்ததன்று என்பதால் அந்த நேரத்தில் கைபேசி அம்மாவின் தையல் இயந்திரத்தின் மேல் இருக்கும்.

அகராதியைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினமாக இருந்தது. முதலில் இறக்கிய ஒன்று, என் தொடர்பு எண்களையும் நான் இருக்கும் இடத்தையும் பார்க்க அனுமதி கேட்டது. சொல்லுக்குப் பொருள் சொல்ல நான் எந்தத் தெருவில் இருக்கிறேன் என்பது எதற்கு? முன்பெல்லாம் படிக்காமலே 'சரி' என்று அழுத்திவிடுவேன். அது அம்மாவின் கைபேசி. அத்தைகள், சித்திகள், துணி தைக்கக் கொடுப்பவர்கள் எல்லாருடைய எண்ணும் அதில் இருந்தன. 2023-இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அதன்படி அந்தச் சம்மதம் அம்மா தர வேண்டியது. நான் அழுத்தியிருக்கவே கூடாது. இப்போது இருப்பது எதையும் கேட்காத, இணையம் இல்லாமலே இயங்கும் எளிய ஆங்கிலம்-தமிழ் அகராதி. தமிழ்ச் சொல்லுக்கு ஐயம் வந்தால் சீட்டில் குறித்து வைத்து, அப்பா வந்த பிறகு சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் பார்க்கிறேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அந்த நூலை விரலால் புரட்ட முடிவது பெரும் பேறு.

நம் பாடநூல்களும் கைபேசியில் உள்ளன. பயணத்தின்போது திறப்பதோடு சரி. காகிதத்தில் அடிக்கோடு இடுவதுபோல் வரவில்லை.

மூன்று செயலிகளும் பாடநூல்களும் போக, இப்போது 6 ஜி.பி. காலியாக இருக்கிறது. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 67. இன்னும் 81 ஆகவில்லை. காலி இடத்தை என்ன செய்யலாம் என்று தங்கையிடம் கேட்டேன். "நீயும் ஒரு வாரம் சீட்டு எழுது" என்று ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் முதல் வரியில் 'பாம்பு விளையாட்டு', இரண்டாம் வரியில் 'பின்னத்தை வகுப்பது எப்படி?' என்று எழுதியிருக்கிறாள். இரண்டாம் வரியிலிருந்து தொடங்குவதாக இருவரும் பேசி முடித்திருக்கிறோம்.