கவச உடைக்குள் அனுபவம் செல்லுமா?

ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். ஒரு கையில் பாலிதீன் பையை மாட்டி, மணிக்கட்டில் தளர்வாகக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் ஓடியாடுங்கள். (முகத்தில் ஒருபோதும் மாட்டக் கூடாது!) பைக்குள் கை நனைந்து புழுங்கும், மறு கை அப்படி இராது. காரணம் என்ன?

வியர்வை வடிவதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாக வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பைக்குள் அதற்கு வழியில்லை.

நச்சு வாயுவிலிருந்து காக்கும் கவச உடையை அணிந்த போர்வீரரின் நிலையும் இதுதான். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் இந்திய வீரர்களும் நச்சு வாயுவுக்கு ஆளாயினர். அன்று தக்க முகமூடி இல்லை. இன்று முகமூடியும் உண்டு, கிளர்வூட்டப்பட்ட கரி பொதிந்த உடையும் உண்டு. இவ்வுடை காற்றை ஓரளவு விட்டாலும் வெப்பத்தைத் தேக்கவே செய்கிறது. முற்றிலும் காற்றுப் புகாத உடையில் நிலைமை இன்னும் மோசம்.

பழகிய வீரருக்கு நன்மை உண்டா? உண்டு. முகமூடியை விரைந்து மாட்டுவார்; தடித்த கையுறையோடும் திருகாணியை முடுக்குவார்; மூச்சு முட்டுமோ என்ற அச்சமும் அவருக்குக் குறைவு. ஆனால், வெயிலுக்குப் பழகிய உடல் விரைவாகவும் மிகுதியாகவும் வியர்க்கும். திறந்த வெளியில் அது வரம். மூடிய உடைக்குள்ளோ வியர்வை ஆவியாகாமல் உடலின் நீர்தான் வீணாகும். அனுபவம் கைக்கும் மனத்துக்கும் உதவும். வெப்ப விதியை மாற்றாது.

இது நமக்கு எதற்கு என்கிறீர்களா? ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத் தொழிற்சாலைகளில் இரசாயனங்களோடு பழகுவோர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். 1984 டிசம்பரில் போபாலில் நேர்ந்ததை நாம் மறக்கலாகாது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள குளுமையான ஊர்தானே என்பீர்கள். உழைக்கும் தசைகளே வெப்பம் உண்டாக்கும்போது, உடைக்குள் இருப்பது வேறு ஊர்!

ஆகவே என் கருத்து இது: கவச உடையை அலமாரியில் பூட்டி வைத்தால் போதாது, அணிந்து வேலை செய்யும் பயிற்சியை அடிக்கடி அளிக்க வேண்டும். அதேபோல், "அவர் பழைய ஆள், இன்னும் ஒரு மணி நேரம் தாங்குவார்" என்று எவரும் சொல்லக் கூடாது. ஓய்வும் தண்ணீரும் புதியவருக்கு எவ்வளவு தேவையோ, பழையவருக்கும் அவ்வளவு தேவை.

இன்றிரவு வேலை முடிந்து வரும் அப்பாவிடமோ அக்காவிடமோ கேளுங்கள்: "அந்த உடையைப் போட்டுப் பழகியிருக்கிறீர்களா? எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கழற்றி ஓய்வெடுக்க விடுகிறார்கள்?"