விசுவநாதனா? ராமமூர்த்தியா?



நம் ஹாஸ்டலில் அரசியல் பேசினால் சண்டை வராது. கிரிக்கெட் பேசினால்கூட அரை மணியில் சமாதானம் ஆகிவிடும். ஆனால், "மெல்லிசை மன்னர்கள் ரெண்டு பேர்ல யாருடா பெரிய ஆளு?" என்று ஒருவன் வாயைத் திறந்துவிட்டால் போச்சு! அன்றைக்கு ரெக்கார்டு நோட்டு எழுதின மாதிரிதான். தாத்தா காலத்துப் பாட்டுக்குப் பேரன்கள் சட்டையைப் பிடித்துக்கொள்கிறோம். மலைப்பாதை பஸ்ஸில் பழைய பாட்டாகவே கேட்டு வளர்ந்த பிள்ளைகள், வேறென்ன செய்வோம்?

ஒரு கட்சி சொல்லும்: "பிரிஞ்ச பிறகு எம்.எஸ்.வி. எத்தனை படம் பண்ணாரு, ராமமூர்த்தி எத்தனை பண்ணாரு? எண்ணிப் பாரு, அதுலயே தெரியலையா?" எதிர்க்கட்சி விடுமா? "சேர்ந்து இருந்தப்ப வந்த மாதிரி பாட்டு அப்புறம் வந்துச்சா? பிடில்காரர் போனதும் பாதி உயிர் போச்சு!"

இரண்டு கட்சியும் தப்பு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் கதையைப் பார்ப்போம். இருவருமே இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமனிடம் வேலை பார்த்தவர்கள். திருச்சியில் பிறந்த ராமமூர்த்தி வயலின் வாசித்தார். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்த விசுவநாதன் உதவியாளராக இருந்தார். 1952-இல் சுப்பராமன் முப்பது வயதுகூட ஆகாமல் மறைந்துவிட, அவர் பாதியில் விட்ட 'தேவதாஸ்' வேலையை முடித்துக் கொடுத்தது இந்த இருவர்தான். அதே ஆண்டு என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் இருவர் பெயரும் ஒன்றாக வந்தது. ராமமூர்த்தி பிறந்தது 1922, விசுவநாதன் 1928. ஆறு வயது மூத்தவரின் பெயர் இரண்டாவதாக வந்தது! அப்படியே பதின்மூன்று வருஷம் ஓடியது. 'பாசமலர்', 'பாவ மன்னிப்பு', 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை'... நமக்கு மூச்சு வாங்கும், பட்டியல் முடியாது. 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவ'னோடு பிரிந்தார்கள். காரணம் ஆளுக்கு ஒன்று சொல்லுவார்கள். இரண்டு பேருக்கு நடுவில் நடந்ததற்கு மூன்றாம் ஆள் தீர்ப்பு எழுதுவதில் அர்த்தம் இல்லை.

இப்போது முதல் கட்சிக்கு வருகிறேன். படத்தின் எண்ணிக்கை திறமையின் அளவுகோலா? ராமமூர்த்தி தனியாக இசையமைத்தவை சுமார் இருபது படம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'சாது மிரண்டால்', 'தேன்மழை', 'நான்', 'மூன்றெழுத்து' பாட்டுகளைக் கேட்டுவிட்டு, 'அவர் வெறும் வயலின்காரர்' என்று சொல்ல யாருக்காவது மனசு வருமா? வாய்ப்பு என்பது ஆளைப் பொறுத்தது மட்டுமா? கம்பெனி, டைரக்டர், நடிகர், பழக்கவழக்கம் எல்லாம் சேர்ந்தது அது. கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆகாதவன் எல்லாம் மக்கா என்ன?

இரண்டாவது கட்சிக்கும் ஒரு வார்த்தை. பிரிந்த பிறகு எம்.எஸ்.வி. ஒன்றுமில்லாமல் போனாரா? 'அன்பே வா' 1966, 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973. 1979-இல் 'நினைத்தாலே இனிக்கும்' - சிங்கப்பூருக்குப் போகும் ஒரு பாட்டுக் குழுவின் கதை. ஐம்பது வயதில் இருபது வயசுப் பையன்களுக்கு இசை போட்டிருக்கிறார்! அட, அதெல்லாம் விடுங்கள். நம் பிரேயரில் தினமும் பாடிய தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டுப் போட்டது யார்? அவர்தானே!

அப்படியானால் சேர்ந்து செய்த காலத்தில் எது யாருடையது? 'மெட்டு இவர், வாத்தியக் கட்டு அவர்' என்று சிலர் கத்தி வைத்து நறுக்குவார்கள். நான் மின்னியல் மாணவன், மஞ்சூர்க்காரன். எங்கள் ஊரைச் சுற்றி நடப்பதை வைத்தே சொல்கிறேன். அவலாஞ்சி, எமரால்டு அணைத் தண்ணீர் குந்தாவில் ஒரு பவர் ஹவுசைச் சுற்றிவிட்டு, மலை இறங்கிக் கெத்தையில் இன்னொன்றைச் சுற்றுகிறது. பிறகு பரளிக்கும் போகிறது. எந்த பவர் ஹவுஸ் எத்தனை யூனிட் கொடுத்தது என்று அங்கங்கே மீட்டர் சொல்லும். ஆனால் லைனில் எல்லாம் கலந்த பிறகு, உங்கள் வீட்டு பல்பைக் காட்டி, 'இது குந்தா வெளிச்சம், அது கெத்தை வெளிச்சம்' என்று பிரிக்க முடியுமா? 1965-க்குப் பிறகு ஆளுக்கொரு மீட்டர் உண்டு, படித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரே லைன்தான்.

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை உண்டு. பீட்டில்ஸ் குழுவில் லெனான், மெக்கார்ட்னி இருவரில் யார் எழுதினாலும் இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே போட்டார்கள். 1970-இல் குழு உடைந்தது. அதே வருஷம், அதுவரை ஓரமாக நின்ற ஜார்ஜ் ஹாரிசன் மூன்று இசைத்தட்டு கொண்ட ஒரே ஆல்பத்தோடு வந்து நின்றார்! இடம் கிடைக்காமல் சேர்ந்துபோன பாட்டுகள் அதில் ஏராளம். வடக்கே சங்கர்-ஜெய்கிஷன் ஜோடியில் 1971-இல் ஜெய்கிஷன் இறந்த பிறகும், சங்கர் இரட்டைப் பெயரிலேயே இசையமைத்தார். கூட்டாளிக்குக் கூட்டாளி தரும் மரியாதை அது.

நமக்கு அந்த மரியாதை இருக்கிறதா? என் வருத்தம் இங்கேதான். 'பாசமலர்' பாட்டைப் போட்டுவிட்டு, "இசை எம்.எஸ்.வி." என்று கூசாமல் சொல்கிறோம். செல்போன் பட்டியலிலும் பல இடத்தில் அப்படித்தான். பதின்மூன்று வருஷ உழைப்பில் ஒரு மனிதரின் பெயரை வாய் தவறியே அழித்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் இருவரும் அப்படி நினைக்கவில்லையே! முப்பது வருஷம் கழித்து 1995-இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு மறுபடி சேர்ந்தார்கள். 2012-இல் 'திரை இசைச் சக்கரவர்த்தி' பட்டம் இருவருக்கும் ஒரே மேடையில் கிடைத்தது. 2013-இல் ராமமூர்த்தி போனார். 2015-இல் விசுவநாதன் போனார். சண்டையை இன்னும் கையில் வைத்திருப்பது நாம் மட்டும்தான்.

இது பாட்டுக்கு மட்டும் சொன்னதல்ல, நண்பர்களே. ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் ராத்திரி முழுக்க வைண்டிங் சுற்றுகிறவன் ஒருவன். வைவாவில் வாயாடி மார்க் வாங்குகிறவன் இன்னொருவன். பேசத் தெரியாதவன் பெயர் முதலில் மறந்துபோகும். நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்திலும் இதே கதைதான்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. கல்லூரி விழா மேடையில் 1952 முதல் 1965 வரை வந்த அவர்கள் பாட்டைப் பாடினால், மைக்கில் 'விசுவநாதன் - ராமமூர்த்தி' என்று முழுசாகச் சொல்லுங்கள். கூடுதலாக ஒரு விநாடி ஆகும், அவ்வளவுதான். அப்புறம் தாராளமாகச் சண்டை போடலாம்... நானும் வருகிறேன்!

- மூன்றாமாண்டு மின்னியல் மாணவன், மஞ்சூர்