இடது கையில் இருப்பது பிரேக்கா, கிளட்சா?

சேத்தூர் பெரிய ரோட்டில் காலை வேளையில் நின்று பாருங்கள். மில்லுக்கும் கடைக்கும் கல்லூரிக்கும் போகிற பெண்கள் ஸ்கூட்டரில் ராஜபாளையம் நோக்கிப் போகிறார்கள். பஸ்சுக்காகக் கால் கடுக்க நின்ற தாய்மார்களின் மகள்கள் இவர்கள். பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஒரு நாள் ஸ்கூட்டர் ரிப்பேர் ஆகிறது. வேலைக்கு நேரமாகிறது. அப்பாவின் மோட்டார் சைக்கிள் வாசலில் சும்மா நிற்கிறது. அதை எடுத்து ஓட்ட எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தாலும் அதற்குரிய லைசென்சு எத்தனை பேரிடம் இருக்கிறது?

பெண்களை மட்டும் சொல்லவில்லை. ஸ்கூட்டரிலேயே பழகிய பையன்களும் இன்று ஏராளம்.

நம் நாட்டில் கியர் இல்லாத வண்டிக்கு ஒரு லைசென்சு, கியர் வண்டிக்கு வேறு லைசென்சு. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் இப்படித்தான் பிரித்திருக்கிறது. அதே சட்டம் ஒரு சலுகையும் தருகிறது. கியர் உள்ள மோட்டார் சைக்கிளில் சோதனை கொடுத்துத் தேறியவர், கியர் இல்லாத வண்டிச் சோதனையிலும் தேறியவராகவே கருதப்படுவார். ஆனால் ஸ்கூட்டரில் தேறியவருக்குக் கியர் வண்டி ஓட்ட உரிமை இல்லை. பெரிய கதவைத் திறந்தால் சின்னக் கதவும் திறக்கும். சின்னக் கதவைத் திறந்தால் அது மட்டுந்தான்.

அப்படியானால் எதற்குச் சோதனை கொடுக்க வேண்டும்? கியர் வண்டிக்கே கொடுங்கள் என்பதுதான் நம் யோசனை. "பெண் பிள்ளைக்கு ஸ்கூட்டர் போதும்" என்று பெற்றோர் சொல்வதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். மகனுக்குப் போதாதது மகளுக்கு மட்டும் எப்படிப் போதும்?

எல்.எல்.ஆருக்கு மனுச் செய்யும்போதே கியர் வண்டி என்று குறிப்பிட வேண்டும். அங்கே கோட்டை விட்டால் பிறகு மறுபடி மனு, மறுபடி கட்டணம்.

ஸ்கூட்டர் பழகியவருக்கு ஓட்டுவது பாதி தெரியும். நிதானம் உண்டு, ரோடு பழக்கம் உண்டு. ஆனால் அவருடைய இடது கை ஒரு தவறான பாடத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஸ்கூட்டரில் இடது கை பிடிப்பது பிரேக்கு. இப்போது வருகிற ஸ்கூட்டர்கள் பலவற்றில் அந்த ஒரு பிடியை அழுத்தினாலே முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டும் சேர்ந்து நிற்கும். ஆகவே குறுக்கே ஆடு ஓடினாலும், குழந்தை ஓடினாலும் இடது கை தானாக இறுகும்.

மோட்டார் சைக்கிளில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். பயந்து அதைப் பிடித்தால் வண்டி நிற்காது. என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்து, வண்டி பாட்டுக்கு ஓடும். இறக்கமாக இருந்தால் வேகம் கூடவும் செய்யும். பிரேக்கு இருப்பது வலது கையிலும் வலது காலிலும். சேத்தூர் ரோடு மதுரையையும் கொல்லத்தையும் இணைக்கிற தேசிய நெடுஞ்சாலை. லாரிகள் ஓயாமல் போகிற அந்த ரோட்டில் கை இப்படி ஏமாந்தால் என்ன ஆகும்?

ஸ்கூட்டருக்குக் கிளட்சே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது தானே வேலை செய்கிறது. திருவிழாவில் ராட்டினம் வேகமாகச் சுற்றும்போது தொங்கும் நாற்காலிகள் வெளியே விரிகின்றன அல்லவா? அதுபோல என்ஜின் வேகம் கூடும்போது உள்ளே இருக்கும் கட்டைகள் வெளியே விரிந்து ஒரு கிண்ணத்தைக் கவ்விப் பிடிக்கும். வண்டி நகரும். கியர் மாற்றுவதற்குப் பதில் ஒரு பெல்ட், இரண்டு கப்பிகளுக்கு நடுவே தானாக ஏறி இறங்கும். மோட்டார் சைக்கிளில் இந்த இரண்டு வேலைகளையும் நீங்கள் செய்ய வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

(பஜாஜ் சேதக் ஸ்கூட்டரில் கிளட்சையும் கியரையும் இடது கையாலேயே மாற்றி ஓட்டிய அப்பாக்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களே ஆசிரியராக இருக்கட்டும்.)

பழகுவதை என்ஜினைப் போடாமலே தொடங்குங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்காருங்கள். கூட ஒருவர் நின்று "நில்!" என்று திடீரெனச் சொல்லட்டும். வலது கையும் வலது காலும் முதலில் அழுந்த வேண்டும். வண்டி நிற்கப் போகிற நேரத்தில்தான் இடது கை கிளட்சைப் பிடிக்க வேண்டும். ஐம்பது தடவை, நூறு தடவை செய்யுங்கள். இடது கை பழைய பாடத்தை மறக்கிற வரை ரோட்டுக்குப் போக வேண்டாம்.

பிறகு காலி மைதானம். முதல் கியரைப் போட்டு, கிளட்சை நூல் நூலாக விடுங்கள். ஓர் இடத்தில் வண்டி மெல்ல முன்னே இழுக்கும். அதுதான் கிளட்ச் பிடிக்கிற இடம். அங்கே கையை நிறுத்திப் பழகுங்கள். இதை 'ஆஃப் கிளட்ச்' என்பார்கள். இந்த இடம் கைக்குத் தெரிந்துவிட்டால் பாதிச் சோதனை முடிந்தது. சட்டென்று விட்டால் வண்டி குதிக்கும், அல்லது அணைந்துவிடும்.

எட்டுப் போடுவதற்கு இந்த ஆஃப் கிளட்ச்தான் உயிர். முதல் கியர், கொஞ்சம் ஆக்ஸிலேட்டர், கிளட்ச் பாதியில், பின் பிரேக்கில் கால் லேசாக. கண் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. அடுத்த வளைவைப் பார்க்க வேண்டும். காலைத் தரையில் ஊன்றினால் போச்சு!

எந்த வண்டியில் சோதனை கொடுக்கப் போகிறீர்களோ அதே வண்டியில் பழகுங்கள். ஒரு வண்டியில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. இன்னொரு வண்டியில் எல்லாக் கியரும் முன்னால் மிதிப்பது. கடைசி நாளில் இரவல் வண்டி வாங்கிப் போகிறவர்கள் அங்கேதான் திண்டாடுகிறார்கள்.

எல்.எல்.ஆர். கையில் இல்லாமல் ரோட்டில் பழகக் கூடாது. முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' எழுத்து வேண்டும். பின்னால் தோழியை ஏற்றக் கூடாது. கற்றுக் கொடுப்பவரை மட்டும் ஏற்றலாம். ஹெல்மெட்டைச் சொல்ல வேண்டியதே இல்லை.

காருக்கு வருவோம். நம் நாட்டு லைசென்சு தானியங்கிக் கார், கியர் கார் என்று பிரிப்பதில்லை. சிங்கப்பூரில் பிரிக்கிறார்கள். அங்கே கிளட்ச் இல்லாத காரில் தேறியவருக்கு '3ஏ' லைசென்சு. கியர் காரை அவர் தொட முடியாது. பிரிட்டனிலும் அப்படியே. இங்கே சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக, தானியங்கியில் பழகியவர் மாமாவின் கியர் காரை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கோட்டைக் கணவாய் ஏறலாமா? மேட்டில் நின்று புறப்படும்போது கார் பின்னால் உருளாமல் இருக்க வேண்டும் என்று 1989-ம் வருட விதிகளே சோதனையில் கேட்கின்றன. கை பிரேக்கைப் போட்டு, கிளட்ச் பிடிக்கிற இடம் வந்தபின் பிரேக்கை விடுவதுதான் வழி. தானியங்கியில் சும்மா இருந்த இடது கால், இதை ஒரு நாளில் கற்றுக்கொள்ளாது.

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் சோதனைக்குப் போக முடியும். தோற்றால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறையும் தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும். எல்.எல்.ஆருக்கு ஆயுள் 6 மாதம். அந்த 60 நாளும் அந்த 6 மாதக் கணக்கில்தான் ஓடும்.