களிம்பில் லாப வேட்டை

கட்டிட வேலை செய்யும் கொத்தனாரின் கையைப் பாருங்கள். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு, புறங்கை தடித்து, சிவந்து, நீர் கசிகிறது. ஈரச் சிமெண்டில் கலந்திருக்கும் குரோமியம் தோலுக்குள் இறங்கிச் செய்த வேலை இது. இரவெல்லாம் அரிப்பு, தூக்கம் கிடையாது. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே மாலையில் மருந்துக் கடைக்குப் போய்க் கையை நீட்டிக் காட்டுகிறார். கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்பதில்லை. ஒரு ட்யூப் களிம்பை எடுத்துக் கொடுக்கிறார். மூன்றே நாளில் அரிப்பு நிற்கிறது. ஆஹா, என்ன அற்புதமான மருந்து! அதே ட்யூப் மகனின் தொடையிலுள்ள படர்தாமரைக்கும் போகிறது, மகளின் முகப்பருவுக்கும் போகிறது.

மருந்தை நாம் குறை கூறவில்லை. 1952-ல் அமெரிக்காவில் சல்ஸ்பர்கர், விட்டன் என்ற இரு டாக்டர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பினால் தோல் அழற்சி தணிவதை நிரூபித்தார்கள். அதுவரை தாரும் கந்தகமும் பூசிக்கொண்டு தவித்த கரப்பான் நோயாளிகளுக்கு அது பெரிய விமோசனம். குழந்தையின் கரப்பானுக்கும், செதில் படைக்கும், சிமெண்டுப் புண்ணுக்கும் இன்றும் அது நல்ல மருந்துதான். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயந்து நிறுத்த வேண்டாம்.

ஆனால் ஸ்டீராய்டுகளில் சாதுவும் உண்டு, முரடும் உண்டு. ஹைட்ரோகார்ட்டிசோன் மிக மென்மையானது. கிளோபெட்டசால் அதைவிடப் பல நூறு மடங்கு வலியது. கடையில் கேட்காமலே கை நீட்டிக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் வலியதுதான். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் காகிதம்போல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் தெரியும், பரு கொப்பளிக்கும், பெண் முகத்தில் மயிர் முளைக்கும். நிறுத்தினால் நெருப்பாய் எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதே ட்யூப்! இதைவிடச் சௌகரியமான வாடிக்கை எந்த வியாபாரிக்குக் கிடைக்கும்?

படர்தாமரையின் கதை இன்னும் மோசம். அது பூஞ்சைக் காளான் நோய். ஸ்டீராய்டு அரிப்பை அடக்குகிறது, கூடவே உடம்பின் எதிர்ப்பையும் அடக்குகிறது. காளான் தடையின்றிப் படர்கிறது. கம்பெனிகள் என்ன செய்தன? கிளோபெட்டசாலோடு காளான் மருந்து ஒன்று, கிருமி மருந்து ஒன்றிரண்டு என்று சேர்த்து அரைத்து, ‘எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பு’ என்று விற்றன. 2016 மார்ச்சில் மத்திய சர்க்கார் 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. கம்பெனிகள் டில்லி ஹைகோர்ட்டுக்கு ஓடி, அந்த டிசம்பரிலேயே தடையை உடைத்தன. விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய், மறுபரிசீலனை நடந்து, 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்கு மீண்டும் தடை வந்தது. இத்தகைய களிம்புகள் பலவும் அதில் அடக்கம். இரண்டரை வருஷம்! அதற்குள் எத்தனை லட்சம் ட்யூப் விற்றிருக்கும்? வழக்கமான மருந்துக்கே மசியாத படர்தாமரை இன்று நாடெங்கும் பரவிக் கிடக்கிறது.

சிவப்பழகு மோகத்தை வளர்த்து விட்டவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. கறுப்பாயிருந்தால் கல்யாணம் ஆகாது, வேலை கிடைக்காது என்று பெண்களின் நெஞ்சில் பயத்தை ஊட்டி, அந்தப் பயத்தையே சரக்காக்கினார்கள். 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாட்டின் 12 மருத்துவ மையங்களுக்கு முகத்தோல் கோளாறுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர்களில் 257 பேருக்கு அதைச் சொன்னவர் டாக்டரே அல்ல.

சட்டமும் இதற்குத் துணை நின்றது. சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளுக்கான ‘எச்’ அட்டவணையில், வெளிப்பூச்சு மருந்துகளுக்கு விலக்கு என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிச் சந்தில் ஒரு பெரிய வியாபாரமே நுழைந்துகொண்டது. தோல் டாக்டர்களே போராடிய பிறகு, 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டுகள் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன. காகிதத்தில் சரி. கடையில் இன்றும் யார் சீட்டுக் கேட்கிறார்கள்?

மூலைக் கடைக்காரர் மீது மட்டும் பழியைப் போட்டு நழுவிவிட முடியாது. மருந்து இன்ஸ்பெக்டர்கள் கம்பெனிக் கிடங்கிலிருந்து தொடங்கட்டும். எவ்வளவு களிம்பு எந்த வழியாய் வெளியே போகிறதென்று கணக்குக் கேட்கட்டும். தாலுகா ஆஸ்பத்திரிகளில் தோல் டாக்டர் வேண்டும், அதுவும் கூலிக்காரன் வேலை முடிந்து வரக்கூடிய மாலை நேரத்தில். மென்மையான ஸ்டீராய்டுக் களிம்பு அங்கே இலவசமாய்க் கிடைக்க வேண்டும்.

கொத்தனாரின் கைக்கு அதுவும் போதாது. டென்மார்க்கில் 1981 முதல் சிமெண்டில் இரும்பு சல்பேட் கலந்து குரோமியத்தின் நச்சை முறிக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகளில் 2005 முதல் பத்து லட்சம் பங்குக்கு இரண்டு பங்குக்கு மேல் அந்தக் குரோமியம் கரையக் கூடாதென்பது சட்டம். நம் சிமெண்டு முதலாளிகளின் ஒவ்வொரு மூட்டையிலும் அதே வரம்பு அமலாக வேண்டும். கட்டிடக் காண்ட்ராக்டர் ஒவ்வொருவரும் கையுறையும், கை கழுவ நல்ல தண்ணீரும் கொடுத்தாக வேண்டும். கட்டிடத் தொழிலாளர் சங்கங்கள் தங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இதைக் கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்.